புளோக்கின் எதிர்மரத்தில் வலசைப் பறவை: கண்டுபிடிப்பதும் படமெடுப்பதும்

தீபாவளியை ஒட்டிய வாரங்களில் சிங்கப்பூரின் குடியிருப்புப் பேட்டைகளில் வெளியூர்ப் பறவைகள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். சைபீரியா, வடசீனா, கொரியா, ஜப்பான் பக்கம் குஞ்சு பொரித்தவை குளிருக்குத் தப்பித் தெற்கே வருகின்றன. கிழக்கு ஆசிய – ஆஸ்திரலேசிய வலசைப் பாதையில் நம் தீவு இருப்பதால் சில இரண்டொரு நாள் இளைப்பாறிவிட்டுச் சுமத்ரா, ஜாவா பக்கம் போய்விடும். சில மார்ச், ஏப்ரல்வரை ஒரே மரத்தை விட்டு நகராது. படமெடுக்கக் கிளம்புகிறவருக்கு இந்த இரண்டாம் வகைதான் வரம். வலசைப் பறவையைத் தேடி அலைவதைவிட, அது தினமும் திரும்பி வந்து உட்காரும் கொம்பைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை.

கொல்லைப்புறத் தோட்டம் இல்லையே என்று வீவக அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் வருத்தப்பட வேண்டாம். கீழே நின்று தூங்குமூஞ்சி மரத்தை அண்ணாந்து பார்த்தால் தெரிவது வெள்ளை வானமும் பறவையின் வயிறும்தான். மூன்றிலிருந்து ஆறாவது மாடிவரை உள்ள காரிடாரோ சன்னலோ அதே மரத்தின் தலைக்கு நேராக இருக்கும். பறவை கண்மட்டத்தில் இருக்கும். பின்னணியில் பச்சை இருக்கும். தரைவீட்டுக்காரர்களுக்கு இந்த வசதி மாடியறைச் சன்னலில்தான் கிடைக்கும்.

ஒரே ஒரு மரம்

சன்னலிலிருந்து 10 முதல் 20 மீட்டருக்குள் இருக்கும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். அடர்ந்த மரத்தைவிட, இலையில்லாத ஒன்றிரண்டு காய்ந்த கொம்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரம் நல்லது. பூச்சி பிடிக்கும் பறவைகளுக்குச் சுற்றும் முற்றும் பார்க்க அந்தக் கொம்பு வேண்டும். நகர மன்றத்தார் கிளை கழித்த மரத்தில்கூட இப்படி ஒரு குச்சி மிஞ்சியிருக்கும்.

வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். வடக்கு, தெற்கு பார்த்த காரிடார்களில் காலையிலும் மாலையிலும் பக்கவாட்டு வெயில் கிடைக்கும், இதுவே வசதியானது. மேற்கு பார்த்த காரிடாரில் காலைச் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் என்றாலும், உங்கள் புளோக்கின் நிழலே எதிர்மரத்தின்மேல் விழுந்து கிடக்கும். நிழல் விலகும்வரை ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வைக் கூட்டித்தான் எடுக்க வேண்டும். கிழக்கு பார்த்த வீட்டில் காலையில் மரம் எதிர்வெளிச்சத்தில் இருக்கும், மாலையில் புளோக் நிழலில் இருக்கும். அந்த மாலை நிழல் மோசமில்லை. வெள்ளை இறகு வெளிறாமல் மென்மையாக விழும்.

கேமராவைத் தொடுவதற்கு முன் உள்ளூர்க்காரர்களைப் பழகிக்கொள்ளுங்கள். ஜாவா மைனா, மஞ்சள்குதக் கொண்டைக்குருவி, மாங்குயில், பச்சைப்புறா, தேன்சிட்டு, தையல்சிட்டு, மாம்பழச்சிட்டு ஆகிய ஏழும் ஆண்டு முழுக்க இருப்பவை. இவற்றின் குரலும் அசைவும் மனத்தில் பதிந்துவிட்டால், புதிதாக வந்தது தானாகவே கண்ணில் படும்.

யார் யார் வருகிறார்கள்

பழுப்புக் கீச்சானிலிருந்து தொடங்குங்கள். மைனாவைவிடச் சற்றுச் சிறியது. முதுகு பழுப்பு, கண்ணின் குறுக்கே கொள்ளைக்காரன் கட்டியதுபோல் கறுப்புப் பட்டை, நுனி வளைந்த தடித்த அலகு. செப்டம்பரிலேயே வந்துவிடும். வந்ததும் தனக்கென்று ஓர் எல்லை பிடித்துக்கொண்டு, கரகரவென்று “ச்சர்ர்ர்” என்று கத்தி மற்ற கீச்சான்களை விரட்டும். வேலிக்கம்பி, புதர் உச்சி, வெட்டிய கிளையின் முனை என நாலா பக்கமும் தெரியும் இடத்தில் உட்கார்ந்து வாலை மெல்லச் சுழற்றும். தரையில் வெட்டுக்கிளியோ பல்லியோ அசைந்தால் பாய்ந்து பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பும். விலாவில் செதில் செதிலாக மெல்லிய கோடுகள் இருந்தால் அது இந்த ஆண்டு பிறந்த இளம்பறவை. கண்பட்டை தெளிவில்லாமல், அலகு இன்னும் தடிமனாக, கண் பெரிதாகத் தெரிந்தால் புலிக் கீச்சானா என்று சந்தேகப்படுங்கள்.

பழுப்பு ஈப்பிடிப்பான் 13 செ.மீ.தான். நிறத்தில் சொல்ல ஒன்றுமில்லை: மேலே சாம்பல் கலந்த பழுப்பு, கீழே அழுக்கு வெள்ளை. ஆனால் உடம்புக்குப் பொருந்தாத பெரிய கறுப்புக் கண்ணும், அதைச் சுற்றி வெள்ளை வளையமும், கீழலகின் அடியில் மஞ்சளும் இருக்கும். நிமிர்ந்து அசையாமல் இருக்கும். திடீரென்று காற்றில் பாய்ந்து, ஒரு கொசுவையோ ஈயையோ கவ்விக்கொண்டு, ஐந்தாறு நொடியில் அதே குச்சிக்கு வந்துவிடும். புதிதாகப் பறவைப் படம் பழகுகிறவருக்கு இதைவிடப் பொறுமையான ஆசிரியர் கிடைக்காது.

ஆர்க்டிக் கதிர்க்குருவி இதற்கு நேர் எதிர். பசுமை கலந்த சிறிய உடம்பு, கண்ணுக்குமேல் நீண்ட வெளிர்மஞ்சள் புருவம், “ட்சிக், ட்சிக்” என்று கல்லில் கல் தட்டும் குரல். ஒரு நொடி ஓரிடத்தில் நிற்காது. மாம்பழச்சிட்டோடு குழப்பிக்கொள்பவர்கள் புருவத்தைப் பார்த்தால் போதும்.

நீலவால் பஞ்சுருட்டான் கூட்டமாக வரும். இங்கே ஒரு சின்னச் சிக்கல். ஆண்டின் நடுப்பகுதியில் நம்மிடம் கூடுகட்டுவது நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான். அது போகும் சமயத்தில் நீலவால் வந்து சேரும். தொண்டை செம்பழுப்பாகவும் உச்சந்தலை பச்சையாகவும் இருந்தால் குளிர்கால விருந்தாளி. தலை செம்பழுப்பு, தொண்டை நீலம் என்றால் பழைய ஆள். மரத்தின் உச்சிக் காய்ந்த கிளையில் உட்கார்ந்து, பிடித்த தேனீயைக் கொம்பில் அடித்து அடித்துக் கொடுக்கை நீக்கிவிட்டுத்தான் விழுங்கும். அந்த அடிக்கும் காட்சிதான் நல்ல படம்.

தகைவிலான்களில் மார்புக்குக் குறுக்கே கருநிறப் பட்டையும் வெள்ளை வயிறும் உள்ளது வலசை வந்தது. பட்டை இல்லாமல் வயிறு அழுக்குச் சாம்பலாக இருந்தால் உள்ளூர்ப் பசிபிக் தகைவிலான். மதிய வானில் கழுத்து நீண்டு தலை சிறுத்த பெரிய பருந்து சிறகடிக்காமல் மிதந்தால் தேன் பருந்தாக இருக்கலாம்.

எப்போது நிற்பது

நவம்பரில் சூரியன் காலை 6.45 மணிவாக்கில் உதிக்கிறது. 7.15 முதல் 9 மணிவரை பறவைகள் பசியோடு இருக்கும், வெயிலும் சாய்ந்திருக்கும். மாலையில் 5 முதல் 6.30 வரை. நடுப்பகலில் சூரியன் தலைக்குமேல் இருப்பதால் கண்ணும் வயிறும் கறுத்துப்போகும். பருந்துகளைத் தவிர வேறெதற்கும் அந்த நேரம் உதவாது. வெப்பக் காற்று மேலெழும்பும் 10 மணிக்குமேல்தான் பருந்துகள் சுற்றத் தொடங்கும்.

அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வழக்கம். அதை எரிச்சலாக நினைக்காதீர்கள். மழை விட்டதும் ஈசல் கிளம்பினால் தகைவிலானும் பஞ்சுருட்டானும் உங்கள் மாடிக்கு நேராகவே வேட்டையாடும். பல சிறு பறவைகள் இரவில்தான் பயணம் செய்கின்றன. இரவு மழையில் மாட்டிக்கொண்டவை கிடைத்த மரத்தில் இறங்கிவிடுவதால், மறுநாள் விடியலில் நேற்றுவரை இல்லாத முகங்கள் தென்படும். இரவு கனமழை பெய்தால் காலை அலாரத்தை அரைமணி முன்னால் வையுங்கள்.

தீனி வைக்காதீர்கள்

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டுத் தானியக் கிண்ணம் தொங்கவிட நினைப்பவர்கள் கவனிக்க: வனவிலங்குச் சட்டத்தின்கீழ் இங்கே காட்டுயிர்களுக்கு உணவிடுவது குற்றம். முதல்முறைக்கு 5,000 வெள்ளிவரை, மீண்டும் செய்தால் 10,000 வெள்ளிவரை அபராதம். சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் பயனில்லை. நாம் தேடும் பறவைகள் பெரும்பாலும் பூச்சி தின்பவை. அரிசிக்கும் ரொட்டிக்கும் வருவது மைனாவும் புறாவும்தான். தண்ணீர்த் தட்டும் வேண்டாம். ஏடிஸ் கொசுவின் முட்டை தட்டின் ஓரத்திலேயே ஒட்டிக்கிடக்கும், தண்ணீரைக் கொட்டினாலும் போகாது.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. காரிடாரில் இருக்கும் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். துளசிப் பூவைச் சுற்றும் சிறு தேனீக்களும், கறிவேப்பிலையில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுமே பூச்சி தின்னும் பறவைகளை இழுக்கப் போதும். தொட்டிகள் காரிடாரில் ஆள் நடக்க 1.2 மீட்டர் வழிவிட்டு இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

கைப்பேசியில் குரல் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் கூடாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து உடல் தேய்ந்து வந்தது, இல்லாத எதிரியை விரட்ட மிச்சமிருக்கும் தெம்பையும் செலவழிக்கும்.

என்ன கருவி

13 செ.மீ. ஈப்பிடிப்பான் 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள 24 மெகாபிக்சல் கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் போட்டால், படத்தில் பறவை ஏறத்தாழ 900 பிக்சல் நீளத்துக்கு விழும். வெட்டியெடுத்தாலும் இறகு இறகாகத் தெரியும். 30 மீட்டர் என்றால் அதில் பாதி. கைப்பேசியின் 5 மடங்கு லென்ஸில் 15 மீட்டரிலேயே 100 பிக்சலுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வரும். 8×42 இருகண்ணோக்கியின் கண்வில்லையில் கைப்பேசியின் முதன்மை லென்ஸை ஒட்டிவைத்து எடுத்தால் 200 பிக்சலைத் தொடலாம். இன்ன பறவை என்று சொல்ல அது போதும், சட்டம் போட்டு மாட்ட முடியாது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் இருகண்ணோக்கியை வாங்குங்கள். கொம்பைக் கண்டுபிடிக்காதவருக்கு 600 மி.மீ. லென்ஸும் உதவாது.

லென்ஸில் 100–400 காரிடாருக்குக் கச்சிதம். 150–600 இரண்டு கிலோவை ஒட்டி இருக்கும். கையில் பத்து நிமிடம் பிடித்தால் ஆட்டம் கண்டுவிடும். முக்காலி காரிடாரை அடைக்கும். ஒற்றைக்கால் தாங்கியே சரி. கைப்பிடிச் சுவரின்மேல் எதையும் வைக்காதீர்கள்: லென்ஸ் மூடி, கைப்பேசி, காப்பிக் குவளை எதுவாக இருந்தாலும் ஆறாவது மாடியிலிருந்து விழுந்தால் கீழே போகிறவர் தலை உடையும். கேமரா வாரைக் கழுத்தில் மாட்டி, லென்ஸ் முகப்புக் கூடு இறுகப் பூட்டியிருக்கிறதா என்று திருகிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே நீட்ட வேண்டும்.

தொடக்க அமைப்பு: அப்பர்ச்சர் எஃப் 6.3, உட்கார்ந்த கீச்சானுக்கு ஷட்டர் 1/500 நொடி, தலையை வெட்டி வெட்டித் திருப்பும் ஈப்பிடிப்பானுக்கு 1/800, பறக்கும் பஞ்சுருட்டானுக்கு 1/2500, தகைவிலானுக்கு 1/3200. ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு உச்சவரம்பு 6400 வையுங்கள். விடியற்காலை இலைநிழலில் அது 3200க்குமேல் ஏறத்தான் செய்யும். ஐஎஸ்ஓ கூடுவதால் படத்தில் புள்ளி விழுவதைப் பின்னால் குறைக்கலாம், ஆட்டத்தை எதுவும் சரிசெய்யாது. பின்னால் திருத்த வசதியான ரா (RAW) கோப்பாகச் சேமியுங்கள்.

கொம்பில் காத்திருப்பது

முதல் நாள் கேமரா வேண்டாம். இருகண்ணோக்கியோடு முக்கால்மணி நேரம் பார்த்து, பறவை எந்தக் குச்சிக்குத் திரும்புகிறது, எந்தப் பக்கம் முகம் வைத்து உட்காருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று குச்சிகளுக்குள் அடங்கிவிடும். அவற்றில் முன்னால் இலை மறைக்காததும் பின்னால் மரக்கூட்டம் தொலைவில் இருப்பதுமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஓரடி இடமோ வலமோ நகர்ந்து நின்றாலே பின்னணியில் எதிர்ப் புளோக்கின் துணி காயும் மூங்கில் போய் வெறும் பச்சை வந்துவிடும். இதைப் பறவை இல்லாதபோதே செய்து முடிக்க வேண்டும்.

அடுத்த நாள், குச்சியின்மேல் ஒற்றைப்புள்ளி ஃபோகஸை வைத்துத் தயாராக இருங்கள். தானாகக் கண்ணைத் தேடும் வசதி திறந்த கிளையில் அருமையாக வேலை செய்யும். இலைக்கூட்டத்துக்குள் இலை இடுக்கு வெளிச்சத்தைக் கண்ணென்று நினைத்து ஓடிவிடும். பறவை பறந்து போகும்போது பின்தொடராதீர்கள். லென்ஸை அங்கேயே வைத்திருங்கள், திரும்பி வரும். வந்து இறங்கிய முதல் இரண்டு நொடியில்தான் தலையை இப்படியும் அப்படியும் திருப்பும். அது கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்ந்த கணத்தில் கண்ணில் ஒரு வெளிச்சப்பொட்டு மின்னும். அந்தப் பொட்டு இல்லாத படம் பாடம்பண்ணிய பறவைபோல இருக்கும். அதனால் இறங்கியதும் ஐந்தாறு படம் தொடர்ச்சியாக எடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

கிளம்பும் படம் வேண்டுமென்றால் உடம்பைப் பாருங்கள். பாயப்போகிற பறவை உடலைத் தாழ்த்தி முன்னால் சாயும். சில புதிய கேமராக்களில் பொத்தானைப் பாதி அழுத்தியதுமே படங்களை நினைவில் பிடித்துவைக்கும் வசதி உண்டு. மனிதக் கை பிந்தும் அரைநொடியை அது ஈடுகட்டும். ஆனால் மின்னணு ஷட்டரில் வேகமாக அடிக்கும் சிறகு நெளிந்து விழக்கூடும்.

படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் திருத்தம் தெரியாமல்தான் நிறையப் படங்கள் வீணாகின்றன. வெள்ளை வானம் பின்னணியானால் +1, மேகம் இன்னும் பளீரென்றால் +1.3. இல்லாவிட்டால் பறவை கரிக்கட்டை. மாறாக, இருண்ட மரம் பின்னணியாக இருந்து பறவையின் தொண்டை வெள்ளையாக இருந்தால் −0.3. இன்னதென்று தெரியாத பறவை என்றால் அழகைப் பாராமல் பக்கவாட்டிலும் முன்புறமும் வாலடியும் தெரிய மூன்று படம் எடுத்துவையுங்கள். அடையாளம் சொல்வதற்கு மெர்லின் செயலி உதவும். இ-பேர்ட் என்னும் பறவைப் பதிவுத் தளத்தில் தேதி, இடத்தோடு பதிந்துவைத்தால் அடுத்த ஆண்டு எந்த வாரத்திலிருந்து கொம்பைக் கவனிப்பது என்று தெரியும். பழுப்புக் கீச்சான் பழைய இடத்துக்கே திரும்பி வரும் பழக்கமுள்ளது.

நீண்ட லென்ஸை எதிர்ப் புளோக் பக்கம் நீட்டினால் யாருக்கும் சந்தேகம் வரும். “என்ன தம்பி, யாரைப் படம் பிடிக்கிறீங்க?” என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேட்பதற்குமுன் கேமராத் திரையைக் காட்டிவிடுங்கள். மறுநாளிலிருந்து “அந்த முகமூடிக் குருவி வந்திருக்கு” என்று அவரே கதவைத் தட்டுவார்.

மங்கலுக்கு நாலு காரணம்

ஃபோகஸ் சரியாக இருந்தும் படம் மங்கலாக வந்தால் லென்ஸைக் குறைசொல்லாதீர்கள். சன்னலுக்குக் கீழே ஏர்கான் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தால் அதன் வெப்பக் காற்று லென்ஸுக்கு முன்னால் எழும்பி எல்லாவற்றையும் நெளியவைக்கும். அரைமணி நேரம் நிறுத்துங்கள். வெயிலில் காய்ந்த நடைபாதைக் கூரை உங்களுக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்தாலும் இதே கதைதான்.

கண்ணாடி வழியாக எடுப்பது இரண்டாவது. சன்னலைத் திறந்து, இரும்புக் கம்பிகளின் இடைவெளியில் லென்ஸ் முகப்பை நுழையுங்கள். திறக்க முடியாதென்றால் கண்ணாடியோடு செங்குத்தாக ஒட்டிவையுங்கள். சாய்த்தால் இரட்டைக் கோடு விழும்.

மூன்றாவது பனிமூட்டம். ஏர்கான் அறையில் படுத்திருந்த கேமராவைக் காலை ஈரக்காற்றில் நீட்டியதும் லென்ஸ் வேர்த்துவிடும். துடைத்தால் மீண்டும் வேர்க்கும். முந்தின இரவே ஏர்கான் இல்லாத வரவேற்பறையில் பையோடு வைத்துவிடுங்கள். மறந்துபோனால் பையை மூடியபடி அரைமணி நேரம் வெளியே வைத்துப் பிறகு திறங்கள். நான்காவது பூஞ்சை. இது மெல்ல வந்து லென்ஸையே தின்றுவிடும். ஈரப்பதம் 40–50 விழுக்காட்டில் நிற்கும் உலர்பெட்டி இந்த ஊரில் ஆடம்பரமில்லை.

கீழே இறங்கினால்

பேட்டைக் கால்வாய்களில் நீர் வடிந்திருக்கும் காலையில் சாம்பல் வாலாட்டியும், பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டும் உள்ளானும், சிறிய நீல மீன்கொத்தியும் வரும். கால்வாய்க் கம்பிவேலி உயரமானது. குந்தி உட்கார்ந்து கம்பி இடுக்கில் எடுத்தால்தான் கோணம் அமையும். கரையோரப் பறவைகளுக்குச் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம். அங்கே கடல்மட்டம் ஏறி வெளிச்சேறு மூழ்கும்போதுதான் பறவைகள் உள்குளங்களுக்கு வரும், எனவே கடிகாரத்தைவிட ஓத அட்டவணையைப் பாருங்கள். பருந்துகளுக்கு ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம், முற்பகலில்.

மோதி விழுந்தவை

இரவில் வரும் பறவைகள் கட்டட விளக்குகளாலும் கண்ணாடியாலும் ஏமாந்து மோதுகின்றன. அதிகம் அடிபடுவது நீலச்சிறகு ஆறுமணிக்குருவி. அக்டோபர், நவம்பர் விடியலில் புளோக்கின் கீழ்த்தளத்தில் பச்சையும் நீலமும் மஞ்சள்பழுப்பு வயிறுமாக ஒரு பறவை மிரண்டு உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் அதுதான். ஓடிப்போய்ப் படமெடுக்காதீர்கள். துண்டைப் போட்டு மெதுவாக எடுத்து, காற்றுத் துளையிட்ட காலணிப் பெட்டியில் வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். தண்ணீரோ தீனியோ கொடுக்க வேண்டாம், திறந்து திறந்து பார்க்கவும் வேண்டாம். தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600. அழைக்கும்போது புளோக் எண், கண்ட நேரம், கட்டடத்தின் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லுங்கள். இறந்து கிடந்தால் தொடாமல் மேல்புறம் தெரிய ஒரு படமும், கட்டடத்தோடு சேர்த்து ஒரு படமும் எடுத்து, எந்தச் சுவரில் அடிக்கடி மோதுகின்றன என்று கணக்கெடுப்பவர்களுக்கு அதே விவரங்களோடு அனுப்பலாம். அவர்களுக்கு அந்த இரண்டாவது படம்தான் தேவை.